விலை தானாகவா இறங்கியது?

சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டதாம். இனி அரசு மானியம் எதற்கு, சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். மலிவானது வாஸ்தவம். எப்படி மலிவானது என்பதற்குத்தான் அவரிடம் ஒரு வரிகூட இல்லை.

2010இல் சூரிய மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. அவர் கும்பிடும் சந்தை அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. தேசிய சூரிய மின் திட்டத்தின் பெயரில் அரசு வாங்கியது. அரசு நிறுவனமான என்டிபிசியின் மலிவான அனல் மின்சாரத்தோடு கலந்து, சராசரி விலைக்கு மின்வாரியங்களிடம் தள்ளிவிட்டது. 25 ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்ததால்தான் வங்கிக்காரர் கடன் கொடுத்தார். ஏலம் விட்டதால்தான் கம்பெனிகள் போட்டிபோட்டு விலையை இறக்கின. 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு; 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. ஜெர்மனி 2000இல் சட்டம் போட்டுக் கூடுதல் விலைக்கு வாங்கியதும், சீனா பேனல் ஆலைகளுக்குக் கடனை அள்ளிக் கொடுத்ததும் தனிக்கதை. அதிலும் சந்தை தானாக முளைக்கவில்லை. ஏறி வந்த ஏணியை உதைத்துவிட்டு, நான் பறந்து வந்தேன் என்பதற்குப் பொருளாதாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அன்று நிலக்கரி மலிவாக இருந்தது என்ற கணக்காவது நேர்மையானதா? எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் படிந்த அனல் மின்நிலையச் சாம்பலுக்கு எந்த மின்கட்டண ரசீதிலும் விலை போடவில்லை. அதை வலையில் மீன் விழாத மீனவர் கட்டுகிறார்.

மொட்டைமாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் வரையிலான மானியம், சொந்த வீடு உள்ளவனுக்குப் போகிறது என்கிறார். வாடகை வீட்டுக்காரருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆனால் அவருக்கும் ஒரு வழி செய்யுங்கள் என்றா கேட்கிறார்? யாருக்கும் கொடுக்காதே என்கிறார். ஏழைமீது திடீர்க் கரிசனம், இந்த ஒரு பத்திக்கு மட்டும்.

கடைசியில் அந்தப் பழைய கேள்வி: ராத்திரியில் என்ன செய்வீர்கள்? ஆனைமலையில் கடம்பாறை என்று ஓர் இடம் இருக்கிறது. மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையானபோது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள், 1980களின் கடைசியிலிருந்து. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொரு திட்டம். இரண்டும் அரசுப் பணம். நாளைக்கு அதுவும் சந்தையின் சாதனை என்று எழுதுவார், எழுதட்டும்.