ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு வீடு

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,



கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சென்னையில் இனி எந்தக் குடும்பத்தையும் அது இப்போது வாழும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் குடியமர்த்தாதீர்கள். ஆற்றங்கரையோ, கால்வாய் ஓரமோ, காலி செய்தே ஆகவேண்டிய இடமாகவே இருக்கட்டும். அந்தச் சுற்றுவட்டாரத்துக்குள் மாற்று வீடு தயாராகி, சாவி கைக்கு வரும்வரை ஒரு கூரையைக்கூடப் பிரிக்கக் கூடாது. இது அரசாணையாக வரவேண்டும். அதற்கான கோப்பு உங்கள் மேசையிலிருந்துதான் புறப்பட முடியும் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இது புதிய யோசனை இல்லை. உங்கள் வாரியமே தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. நொச்சிக்குப்பத்தில் மீன்பிடிப்பவர்களுக்குக் கடலைப் பார்த்தபடியே வீடு கிடைத்தது. அந்த வீடுகள் சிறியவை, பராமரிப்பு மோசம், சுவர் ஊறியது, படிக்கட்டு உடைந்தது என்பதெல்லாம் உண்மை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்கூட்டியே வெளியே வந்ததால் உயிர்கள் தப்பின. இத்தனை குறைகளோடும் அந்த வீடுகள் ஒரு பெரிய காரியத்தைச் செய்தன. மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர் மயிலாப்பூருக்கு நடந்துபோகும் தொலைவிலேயே இருந்தார். அவர் பிள்ளை அதே பள்ளியில் படித்தது. மாமியாருக்கு நெஞ்சு வலித்தால் ராயப்பேட்டை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோக முடிந்தது.

1977இல் உலக வங்கி உதவியோடு வந்த திட்டம் இன்னொரு நல்ல வழியைக் காட்டியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனை பிரித்து, தெரு, குடிநீர், கழிவுநீர் வசதி செய்து கொடுத்தார்கள். மக்கள் கையில் காசு சேரச் சேர வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடக்கும் வெளியாளுக்கு அது ஏழைகளுக்காகப் பிரித்த மனை என்றே தெரியாது. ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது.

பிறகுதான் பாதை மாறியது. 2000இல் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கண்ணகி நகர் என்ற மறுகுடியமர்வுக் குடியிருப்பு வந்தது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அதற்குப் பின் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். கூவம் ஆற்றுச் சீரமைப்புக்காக மட்டும் 14,000 குடும்பங்களுக்கு மேல் கணக்கெடுத்து, பெரும்பாலோரை இந்தப் பக்கம்தான் அனுப்பினீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்தும் லாரி லாரியாகச் சாமான்கள் இங்கேதான் வந்து இறங்கின. ஒரு மாநகரத்தின் ஏழைகளை அதன் தெற்கு ஓரத்தில் ஒரே மூலையில் குவித்துவைத்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லையா?

பெரும்பாக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். உங்கள் வண்டியில் போகாமல், அதிகாரிகள் யாரும் கூட வராமல் போய் நில்லுங்கள். முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு பெண்கள் வந்தபடி இருப்பார்கள். கையில் ஒயர் கூடை, அதில் ஒரு டப்பா சோறு, மாற்றுச் சேலை. மந்தைவெளியிலும் திருவல்லிக்கேணியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இருபது வருடமாக வேலை செய்த வீடுகளை விட மனமில்லாமல், விட்டால் வேறு வீடு கிடைக்காது என்ற பயத்தில் கிளம்புகிறவர்கள். ஏழு மணிக்கு அங்கே கோலம் போட்டாக வேண்டும். முதல் பேருந்தில் ஏற முடியாவிட்டால் ஒரு வீட்டு வேலை போய்விடும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். முன்பு மூன்று வீடு செய்தவர் இப்போது ஒரு வீடுதான் செய்ய முடிகிறது. மற்ற இரண்டு வீட்டுச் சம்பளம் எங்கே போனது என்று உங்கள் திட்ட மதிப்பீட்டின் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அங்கே நான் நின்றபோது ஒரு அம்மா சொன்னது இது. கூவக்கரையில் இருந்தபோது வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி, வடை போட்டார். பக்கத்தில் லேத் பட்டறைகள், எதிரில் பள்ளி. காலை ஒன்பது மணிக்குள் மாவு தீர்ந்துவிடும். இப்போது ஆறாவது மாடி. இட்லிப் பானையை எங்கே வைப்பது? கீழே தட்டுவண்டி போட இடம் கேட்டால் விரட்டுகிறார்கள். போட்டாலும் வாங்க வருகிறவர்கள் அவரைப்போலவே வேலையில்லாதவர்கள். லிஃப்ட் நின்றுபோனால் தண்ணீர்க் குடத்தோடு ஆறு மாடி ஏறவேண்டும். "வீடு நல்லாத்தாம்மா இருக்கு, டைல்ஸ் எல்லாம் போட்டிருக்கு. பொழப்புதான் இல்லை" என்றார். அவர் யாரையும் திட்டவில்லை.

உழைக்கும் மக்களுக்கு வாசல்தான் கடை, தெருதான் பட்டறை. அண்டை அயலார்தான் வங்கி. கைமாற்று கொடுப்பவர், சீட்டுப் பிடிப்பவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வருபவர், வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என்று எல்லாரும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கும்போது அந்த வரிசை மொத்தமும் கலைந்து, ஒருவர் ஒரு பிளாக்கின் தரைத்தளத்துக்கும் இன்னொருவர் வேறொரு பிளாக்கின் ஏழாவது மாடிக்கும் போகிறார். ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே பிளாக் என்று ஒதுக்க நிலம் வேண்டாம், பணம் வேண்டாம். வாரியம் மனம் வைத்தால் போதும். அதையாவது நாளைக்கே செய்யலாமே.

ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும். நகரத்துக்குள் நிலம் இல்லை, இருந்தாலும் விலை கட்டுப்படியாகாது. இந்தப் பதிலைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலம் இல்லாத நகரத்தில்தான் ஒவ்வொரு வருடமும் அடுக்குமாடிகள் உயர்கின்றன. கட்டணம் செலுத்தினால் கூடுதல் தளப்பரப்புக்கு அரசே அனுமதி தருகிறது. ஆக, வானத்தை நோக்கி இடம் இருக்கிறது. அது விற்பனைக்கும் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பங்கு, பணமாக இல்லாமல் வீடாகவே, அதே வட்டாரத்தில் வாரியத்துக்கு வந்து சேரவேண்டும் என்று ஏன் விதி செய்யக் கூடாது? உங்கள் பழைய குடியிருப்புகளை இடித்து உயரமாகக் கட்டுகிறீர்களே, அங்கே முன்பு இருந்த குடும்பங்கள் போகக் கூடுதலாகக் கிடைக்கும் வீடுகளை அந்த வட்டாரத்தின் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு முதலில் கொடுக்கலாம்.

இது முடியும் என்பதற்கு அரசே சாட்சி. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகு சட்டமன்றத்தில் முதலமைச்சர் பேசினார். அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்றும், இனி முன்கூட்டியே மக்களிடம் கலந்து பேசப்படும் என்றும் சொன்னார். பக்கத்திலேயே வீடு கிடைக்கும் என்றால் அதை ஒரு உயிர் போவதற்கு முன்னால் சொல்லியிருக்க முடியாதா? மூன்று வருடம் கழித்து, 2025 மே மாதம், அடையாற்றங்கரை அனகாபுத்தூரில் மறுபடியும் பொக்லைன்கள் வந்து நின்றன. மக்கள் மறுபடியும் தொலைவுக்குப் போனார்கள்.

வெள்ளம் என்ற காரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் இருப்பது உயிருக்கு ஆபத்து, அதனால்தான் மாற்றுகிறோம் என்கிறீர்கள். கரையில் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து உங்களைவிட நன்றாகத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கி வந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பு. 2015இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் சூழ்ந்தது. இதே நகரத்தில் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் ஓடுகிறது. அடையாற்றின் மேலேயே விமான நிலையத்தின் ஓடுபாதை நீள்கிறது. ஆற்றின் வழியை மறித்தது யார் என்ற கேள்வியைக் குடிசைக்காரர்களிடம் மட்டும் கேட்பது நியாயம் ஆகாது.

தூரம் தாங்காமல் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டு வீட்டைப் பூட்டிவிட்டோ, யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களை வாரியம் விதியை மீறியவர்கள் என்று பார்க்கிறது. அவர்கள் வந்து விழும் வாடகைச் சந்தையைப் பாருங்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையில் எந்தப் புரோக்கரிடம் கேட்டாலும் பத்து மாத அட்வான்ஸ் என்கிற பேச்சுதான் முதலில் வரும். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. என்ன சாதி, கறி சமைப்பீர்களா, வீட்டில் எத்தனை பேர் என்ற விசாரணையைத் தாண்டித்தான் பத்துக்குப் பத்து அறைக்குள் போக முடியும். பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வெளியேறும் குடும்பங்களும் இதே சந்தைக்குத்தான் வருகின்றன. அப்போது ஒரு குடும்பத்துக்கு நீங்கள் தரும் 24,000 ரூபாய் கருணைத் தொகை, முன்பு தந்த 8,000த்தைவிடப் பெரிதுதான். ஆனால் மாதம் 7,000 ரூபாய் அறை ஒன்றுக்குப் பத்து மாத அட்வான்ஸ் 70,000 ஆகிறது. மீதியை அவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள். கட்டி முடியும்வரை மாத வாடகையை வாரியமே நேரடியாகக் கொடுப்பதுதான் சரி.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் எடுபடாது. 2019 டிசம்பர் முதல் கூவக்கரையின் சத்தியவாணிமுத்து நகர்க் குடும்பங்களை அப்புறப்படுத்தியபோது கல்வியாண்டின் நடுப்பகுதி. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை திடீரென்று இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி விழுந்தால், அது பழைய பள்ளிக்கும் போக முடியாது, புதுப் பள்ளியிலும் ஒட்டாது. அப்படி நின்றுபோன படிப்பைப் பிறகு யார் வந்தாலும் மீட்டுத் தர முடியாது. ஜூனிலிருந்து ஏப்ரல் முடியும்வரை எந்தக் குடியிருப்பையும் காலி செய்யக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

ஏற்கெனவே போய்விட்டவர்களையும் மறந்துவிட முடியாது. வேலைக்கு விண்ணப்பித்தால் கண்ணகி நகர் என்ற முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுகிறது என்று அங்கே இளைஞர்கள் சொல்கிறார்கள். உணவு கொண்டுவருகிறவரும் உள்ளே வர யோசிக்கிறார் என்கிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார்; அன்று தமிழ்நாடே அந்தப் பெயரைப் பெருமையோடு சொன்னது. ஒரு முகவரிக்கு மரியாதை கிடைக்க ஒரு பிள்ளை ஆசியாவையே வெல்ல வேண்டியிருக்கிறது என்பது என்னை மிகவும் வருத்துகிறது. அங்கே மேல்நிலைப் பள்ளியும் இரவிலும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனையும் விடியற்காலைப் பேருந்தும் போதுமான அளவுக்கு இருக்கின்றனவா என்று குடும்பங்களிடமே கேட்டு, இல்லாததைச் செய்து கொடுங்கள். அதுவரை அங்கே இன்னொரு குடும்பத்தையும் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2000 முதல் இன்றுவரை வாரியம் மறுகுடியமர்த்திய ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை குடும்பம் போனது, அதில் எத்தனை குடும்பம் இன்னும் அங்கே வாழ்கிறது, காலி செய்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது. தமிழில், சம்பந்தப்பட்ட மக்கள் படிக்கும்படி, ஒவ்வொரு குடியிருப்பின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். அடுத்த மறுகுடியமர்வுக் கோப்பு கையெழுத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலையும் அதோடு இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் வாழும் ஒரு குடிமகள்