40 கெஜமும் ஒரு சுத்தமான ஃபைலும்

மார்ச் 31 கணக்கை முடித்து, ஆடிட்டர்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார ஏப்ரல் கடைசி ஆகிவிடும். சரியாக அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் என்.எஃப்.எல். டிராஃப்ட் வரும். அவர்களுக்கு வியாழன் இரவு 8 மணி, நாக்பூரில் எனக்கு வெள்ளி விடிகாலை 5.30. கும்பகோணத்துக்காரனுக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று வீட்டில் வருடாவருடம் கேள்வி வரும். சார்லட்டில் இருக்கும் சித்தப்பா பையன் பிடித்துவிட்ட கெட்ட பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

இந்த வருடமும் அவனோடு சண்டை. எங்கள் சண்டை எப்போதும் ஒரே விஷயத்தில்தான்: லைன்பேக்கர்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தடுக்கும் அணியில் 11 பேர். முன்வரிசையில் மலை மாதிரி ஆட்கள், கடைசியில் பந்து பிடிக்க ஓடுகிறவர்களைத் துரத்தும் வேகக்காரர்கள். நடுவில் நிற்பவர்தான் லைன்பேக்கர். பந்து கை மாறிய அரை நொடியில் எதிரில் நிற்கும் தடியரின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, இது ஓட்டமா, வீச்சா என்று முடிவு செய்யவேண்டும். எதிரணி பொய் வேறு சொல்லும். ஓடுகிறவனிடம் பந்தைக் கொடுப்பது போல நடித்து, கொடுக்காமல் தூக்கி எறிவார்கள். நம்பி இரண்டு அடி முன்னால் வந்தால் போச்சு, பந்து தலைக்கு மேல் போய்விடும். ஆக, இது கண்ணாலும் மூளையாலும் செய்கிற வேலை. கால் அப்புறம்தான்.

இந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? இலையுதிர் காலம் முழுக்க அணிகளின் ஸ்கவுட்டுகள் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்கள். ஜனவரி வாக்கில் அலபாமாவின் மொபைல் நகரத்தில் சீனியர் பௌல். பிப்ரவரி கடைசியில் இண்டியானபோலிஸில் கம்பைன். 1987 முதல் அந்த ஊரில்தான் நடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட பையன்களை அழைத்து உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளக்கிறார்கள். நின்ற இடத்தில் எம்பிக் குதிக்கச் சொல்கிறார்கள். 225 பவுண்டு, அதாவது 102 கிலோவை மல்லாந்து படுத்து எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். முத்தாய்ப்பாக 40 கெஜ ஓட்டம். கவசம் கிடையாது, எதிராளி கிடையாது, பந்தும் கிடையாது. இறுக்கமான அரைக்கால் சட்டையில் நேர்கோட்டில் ஓடவேண்டும். அமெரிக்கர்களே இதை ஜட்டி ஒலிம்பிக்ஸ் என்று கிண்டலடிப்பார்கள்.

லைன்பேக்கர் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை 40 கெஜம் நேராக ஓடுகிறார் என்று தம்பியைக் கேட்டேன். "அண்ணா, அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான்" என்றான். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

வெர்னன் கோல்ஸ்டன் என்று ஒருவர். ஒஹையோ ஸ்டேட் ஆள். 2008 கம்பைனில் அந்த 102 கிலோவை 37 முறை தூக்கினார். உடம்பைப் பார்த்தால் சிற்பி செதுக்கியது போல இருப்பார். நியூயார்க் ஜெட்ஸ் 6-வது ஆளாக எடுத்து வெளிப்பக்க லைன்பேக்கராக நிறுத்தியது. பந்து எறிபவரை, எறிவதற்கு முன்னால் மடக்கி விழுத்தினால் அது ஒரு சாக். அதற்காகத்தான் அவரை எடுத்தார்கள். 3 சீசன், சாக் பூஜ்யம். ஒன்றுகூட இல்லை.

அடுத்த வருடமே ஆரன் கரி. சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர், ஓட்டம் 4.56 விநாடி. அந்த டிராஃப்டிலேயே ஆபத்தில்லாத தேர்வு இவர்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். சியாட்டில் 4-வது ஆளாக எடுத்தது. 6 வருடத்துக்கு 6 கோடி டாலர், அதில் 3 கோடியே 40 லட்சம் உத்தரவாதம். 2011 அக்டோபரில் ஓக்லண்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஐசயா சிம்மன்ஸ், 2020. லைன்பேக்கர் உடம்போடு 4.39 விநாடி! கிளெம்ஸனில் பின்வரிசை, நடுவரிசை, ஓரம் என்று எல்லா இடத்திலும் ஆடியவர். அரிசோனா 8-வது ஆளாக எடுத்தது. எடுத்துவிட்டு எங்கே நிறுத்துவது என்று புரியாமல் வருடக்கணக்காக இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2023 ஆகஸ்டில் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்குக் கைமாற்றிவிட்டார்கள். டிராஃப்டில் மொத்தமே 7 சுற்றுதான். கடன் விண்ணப்பத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் கிளை மேலாளர் கையெழுத்தே போடமாட்டார். 8-வது தேர்வை வீணடித்த இவர்களுக்கு அந்தக் கட்டம் இல்லை போலிருக்கிறது.

தம்பியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமில்லை. "மெதுவாக ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் காணாமல் போகிறார்கள். ஜெயித்த நாலு பேரை மட்டும் நீ சொல்கிறாய். லூக் கீக்லிகூட 4.58 ஓடினவர்தானே" என்கிறான். வாஸ்தவம். இன்றைய ஆட்டத்தில் வீச்சு அதிகம், லைன்பேக்கர் பந்து பிடிப்பவர்களோடு ஓடவேண்டியிருக்கிறது. வேகமே வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. வாசலில் நிறுத்த ஒரு அளவு வேண்டும்தான். ஆனால் 4.58 ஓடியவர்கள் எத்தனையோ பேர். கரியும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதை, அது செய்வதற்கு முன்பே தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்கிறவர் என்று பேர் வாங்கியவர் கீக்லி. அந்தத் திறமை ஸ்டாப்வாட்சில் விழுமா?

சரி, மெதுவாக ஓடியவருக்கும் வருகிறேன். வொண்டேஸ் பர்ஃபிக்ட், 2012 கம்பைனில் 5.09 விநாடி. 7 சுற்றிலும் யாரும் தொடவில்லை. சின்சினாட்டி சும்மா சேர்த்துக்கொண்டது. 2013-ல் லீகிலேயே அதிக டாக்கிள் அவர்தான், 171. பார்த்தாயா என்று குதிக்கத் தோன்றும், குதிக்காதீர்கள். கல்லூரியிலேயே வேண்டாத இடத்தில் முட்டி மோதித் தண்டனை வாங்கிய ஆள். பெரிய லீகிலும் அதே கதை, தடைமேல் தடை, 2019-ல் சீசன் முடியும்வரை வெளியே போ என்று அனுப்பிவிட்டார்கள். அவர் நல்லவிதமாக ஆடுவதும், மோசமாக ஆடுவதும், இரண்டுமே கல்லூரி வீடியோவில் அப்படியே இருந்தது. கடிகாரத்துக்கு மட்டும்தான் இரண்டும் தெரியவில்லை.

அப்படியானால் ஏன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? இதற்குப் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே தொழில்தான்.

பல வருடங்களுக்கு முன், வேறொரு ஊர்க் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஸ்கோர் ஷீட்டில் 50 வந்தால்தான் மேலே அனுப்பலாம். ஒரு லேத் பட்டறைக்காரர், 46. சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் பில்லைப் பார்த்தேன், மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. சொந்த வீடு இல்லை, கணக்கு வழக்கு ஒழுங்கில்லை, அதில் போன மார்க். அதே மாதம் இன்னொருவர், 78. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங்கோடு வந்தது. பட்டறைக்காரரை நிராகரித்தேன், இவருக்குப் பரிந்துரை எழுதினேன். இரண்டிலும் என் கையெழுத்து. ஒன்றரை வருடத்தில் 78 வாராக்கடன். ஆடிட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபைல் சுத்தம். ஸ்கோர் 78 இருக்கிறதே! அந்த 46-க்குக் கொடுத்து அது மூழ்கியிருந்தால் இன்றைக்கு வரை விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

அணியின் ஜெனரல் மேனேஜரும் (அங்கேயும் ஜி.எம். தான்!) இதே கணக்கைத்தான் போடுகிறார். 4.4 ஓடியவனை எடுத்துத் தோற்றால் "யாருக்குத் தெரியும், எண்ணெல்லாம் அருமையாக இருந்ததே" என்று முதலாளியிடம் சொல்லலாம். 4.8 ஓடியவனை எடுத்துத் தோற்றால் வேலை போகும். எனவே கம்பைன் எண்கள் லைன்பேக்கரைக் கண்டுபிடிப்பதைவிட, எடுத்தவரைக் காப்பாற்றுவதற்குத்தான் அதிகம் உதவுகின்றன. இதை ஒப்புக்கொள்ளச் சொன்னால் தம்பி பேச்சை மாற்றி அவன் ஊர் வெயிலைப் பற்றிப் பேசுகிறான்.

வழி இல்லாமல் இல்லை. 22 பேரும் தெரிகிற வீடியோவைப் போட்டு, பந்து நகர்ந்த பின் வரும் முதல் இரண்டு அடியை மட்டும் பாருங்கள். ஏமாந்த ஆட்டங்களை எடுத்து, இங்கே என்ன பார்த்தாய் என்று அந்தப் பையனையே கேளுங்கள். கம்பைன் நேர்காணலிலேயே நல்ல பயிற்சியாளர்கள் இதைச் செய்கிறார்கள், ஆனால் அதற்குக் கிடைப்பது ஒரு கால் மணி நேரம். 2018-ல் சான்பிரான்சிஸ்கோ யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும். மூன்றாம் சுற்றில், 70-வது ஆளாக ஃப்ரெட் வார்னரை எடுத்தார்கள். 2020, 2022, 2023, 2024 என்று நாலு வருடம் ஆல்-ப்ரோ முதல் அணி.

1996-ல் மயாமி ஐந்தாம் சுற்றில் 154-வது ஆளாக எடுத்த ஜாக் தாமஸ் 6 அடிகூட இல்லை. 2023-ல் ஹால் ஆஃப் ஃபேம். அவருக்கு ஒரு வருடம் முன்னால் அங்கே போனவர் சாம் மில்ஸ். 5 அடி 9 அங்குலம். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, கிளீவ்லண்ட் திருப்பி அனுப்பியது, கனடாவில் டொராண்டோவும் திருப்பி அனுப்பியது. பள்ளிக்கூட வாத்தியாராகப் போய்விட்டார். பிறகு யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீகில் ஆடி, அங்கே பயிற்சியாளராக இருந்த ஜிம் மோரா 1986-ல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனபோது கையோடு அவரையும் கூட்டிப்போனார். மோரா அளந்து பார்த்தா எடுத்தார்? மூன்று வருடம் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

கடைசி மூன்று சீசன் சாம் மில்ஸ் ஆடியது கரோலைனாவுக்கு. சார்லட் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. மைதானத்தின் பெயர் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஸ்டேடியம், என்ன பொருத்தம் பாருங்கள் :-) தம்பி வாரம் தவறாமல் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறான். சிலையோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.