உடன்படிக்கையும் பேரமும்

சிதம்பரத்தினின்று சேத்தியாத்தோப்பை நோக்கிச் செல்லும் சாலையிலே கீரப்பாளையம் என்னும் ஊர் உளது. ஆவணி மாதத்தில் அவ்வழியே செல்வோர், உழுது புழுதியாக்கிய வயல்களில் உழவர் விதைநெல்லைத் தெளிப்பதைக் காணலாம். வாய்க்காலில் தண்ணீர் இராது, பருவமழையும் தொடங்கியிராது. வரும் என்னும் நம்பிக்கையின்மேல் விதை புழுதிக்குட் போகின்றது. இதனைப் புழுதி விதைப்பு என்பர். நாம் ஒருமுறை அவ்வழியே சென்றபொழுது, விதைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை நோக்கி, "தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று வினவினோம். அவர், "இரண்டு வருஷம் முளைத்த பயிர் காய்ந்து போயிருக்கிறது, தம்பி. மறுபடி விதை வாங்கித் தெளித்தோம்" என்று கூறிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போயினார்.

அப்பெரியவர் நம்பியிருந்த தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? அவ்வட்டாரம் வீராணம் ஏரியையும் அதன் வாய்க்கால்களையும் நம்பியது. பராந்தக சோழன் காலத்ததாகிய அவ்வேரிக்குக் கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு நீர் கொணர்கின்றது. கீழணை 1836-இல் கட்டப்பட்டது. அதற்கு மேலே 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணை. அதற்கும் மேலே கன்னட நாடு. ஆகவே கீரப்பாளையத்து விதை, சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924-இல் எழுதிக்கொண்ட ஓர் உடன்படிக்கையின்மேல் நெடுங்காலம் விதைக்கப்பட்டு வந்தது என்னலாம். அவ்வுடன்படிக்கையின் சில பிரிவுகளை ஐம்பதாண்டு கழித்து மீண்டும் ஆராயலாம் என்றிருந்தது. 1974 வந்தது. காலம் முடிந்தது என்றனர் ஒரு சாரார். முடியவில்லை என்றனர் மற்றொரு சாரார். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அது தன் இறுதித் தீர்ப்பை அளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தியது. தீர்ப்புகள் உள. ஆயினும் மழை குறைந்த ஆண்டுகளில் வழக்கு மீண்டும் எழுகின்றது. மனிதர் உடன்படிக்கையின் இயல்பு இதுவே. இரு சாராருக்கும் மிகுதியாக இருக்கும்பொழுது அது நிற்கும், குறையும்பொழுது ஆடும்.

கிறிஸ்தவர்களாகிய நாம் தேவனை உடன்படிக்கையின் தேவன் என்று சொல்லுகின்றோம். நம்முடைய வேதப் புத்தகத்தின் இரு பாகங்களுக்கும் ஏற்பாடு என்றே பெயரிட்டிருக்கின்றோம். ஆனால் அச்சொல்லை நாவில் வைத்துக்கொண்டு நெஞ்சில் எதனை எண்ணுகின்றோம்? நமக்குத் தோன்றுவதை ஒளியாது கூறுவோமாயின், நம்மிற் பலர் எண்ணுவது உடன்படிக்கையை அன்று, பேரத்தையே.

இக்காலத்துப் பிரசங்கிமாரிற் சிலர், மேடையிலும் தொலைக்காட்சியிலும் நின்று, இத்தனை ரூபாய் காணிக்கை விதைத்தால் இத்தனை மடங்கு அறுக்கலாம் என்றும், இத்தனை நாள் உபவாசமிருந்தால் வேலை கிடைக்கும், வழக்கு வெல்லும், நோய் தீரும் என்றும் சொல்லுகின்றனர். கேட்பவர் ஏழைகள். பயிர் காய்ந்தவரும், பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் செலுத்த வகையற்றவருமே அங்கே மிகுதி. கேட்டது கிடைத்தால், தேவன் உண்மையுள்ளவர் என்று சாட்சி சொல்லச் செய்கின்றனர். கிடையாவிட்டால், உன் விசுவாசம் போதவில்லை என்று பழியை அவ்வேழையின்மேற் சுமத்துகின்றனர். எவ்வாறாயினும் பிரசங்கியாருக்கு நட்டமில்லை. இவ்வித வாணிகத்திற்குத் தேவனுடைய உடன்படிக்கை என்று பெயரிடுவதை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தை வாசகர்கள் ஒருமுறை அமர்ந்து படித்தல் நன்று. ஆபிராம், பிள்ளையில்லாத முதியவன், வாக்குத்தத்தத்திற்கு அடையாளம் கேட்கின்றான். கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றைத் துண்டித்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கும்படி கட்டளை பெறுகின்றான். அக்காலத்து வழக்கப்படி உடன்படிக்கை செய்வோர் அத்துண்டங்களின் நடுவே நடந்து செல்வர். வாக்கை மீறினால் இம்மிருகங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்க என்பது அந்நடையின் பொருள். எபிரேய மொழியில் உடன்படிக்கையை வெட்டுதல் என்னும் வழக்கு உள்ளமையும் இங்கே கருதத்தக்கது. ஆபிராமோ நடக்கவில்லை. பிணங்களின்மேல் இறங்கிய பறவைகளைத் துரத்திக் களைத்து, பொழுது சாய்கையில் அயர்ந்து உறங்கிவிடுகின்றான். இருட்டில் புகைகின்ற சூளையும் எரிகின்ற சுடருமாகத் துண்டங்களின் நடுவே கடந்து செல்பவர் கர்த்தர் ஒருவரே. ஒருவர் தம்மைக் கட்டிக்கொள்ள, மற்றவன் உறங்குகின்றான். இதிற் பேரத்திற்கு இடமெங்கே?

அவ்வதிகாரத்தில் நாம் எளிதில் தாண்டிச் செல்லும் வேறொரு செய்தியும் உண்டு. உன் சந்ததியார் அந்நிய தேசத்திலே நானூறு வருஷம் அடிமைப்பட்டு ஒடுக்கப்படுவார்கள் என்பதும் அந்த இரவிலேயே ஆபிராமுக்குச் சொல்லப்படுகின்றது. துன்பம் உடன்படிக்கை முறிந்ததன் அடையாளம் என்று எண்ணுவார், அப்பத்திரத்தில் துன்பமும் முன்னரே எழுதப்பட்டிருப்பதைக் காணாதவரே. பஞ்சமில்லை, கடனில்லை, புயலில்லை என்று தேவன் எவ்விடத்திலும் கையெழுத்திட்டிலர். உன்னைக் கைவிடேன் என்பதிலேயே இட்டனர்.

இதனை எழுதுவது எளிது என்று சொல்வார் இருப்பர். அவர் சொல்லுவது நியாயமே. கடலூர் மாவட்டத்தில் வாழும் எவரும் இவ்வளவில் நிறைவடையார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் அக்கரையோரத்துக் குப்பங்கள் பலவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. தெற்கே வேளாங்கண்ணியில் திருநாளுக்கு வந்திருந்த யாத்திரிகரும் அலையில் மடிந்தனர். ஏழாண்டு கழித்து, 2011 டிசம்பர் 30-இல், தானே என்னும் புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்தது. பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயினிடம் சென்று உடன்படிக்கையைப் பற்றிப் பிரசங்கிக்க நமக்கு வாய் எழாது. எழவும் கூடாது. ஒன்று மாத்திரம் சொல்லலாம். தேவனுடைய உண்மையைக் குறித்துக் கிறிஸ்தவர்கள் மிகுதியாகப் பாடிவரும் வாக்கு புலம்பல் என்னும் புத்தகத்தில் உளது; எருசலேம் இடிந்து, குழந்தைகள் தெருவிலே பசியால் மயங்கி விழுந்ததைக் கண்டு அழுதவனுடைய வாயினின்று பிறந்தது. அவன் அழுகையை நிறுத்திவிட்டு அதனைக் கூறவில்லை. கூறிய பின்னும் அழுகின்றான்.

அதே தேவனாம்பட்டினத்தில் முன்னாளில் ஆங்கிலேயரின் செயிண்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் மராத்தியரிடமிருந்து அதனை விலைக்கு வாங்கியபொழுது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் சேரும் என்று பேசிக்கொண்டனர்; குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயராயிற்று. இவ்வளவு உறுதியாக எல்லை குறித்த கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளகர்த்தர் லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார்.

அவ்வீழ்ச்சியில் கடலூரைவிட்டு வெளியேறியவருள் ஒருவர் கியர்நாண்டர் என்னும் சுவீடன் நாட்டு மிஷனெரி. 1740-இல் வந்து பதினெட்டாண்டு கடலூரில் உழைத்தவர். தம் ஊழியம் கலைந்துபோகக் கண்டு, தரங்கம்பாடிக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் சென்றார். அங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். செல்வமும் சேர்ந்தது. பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தாலேயே ஓர் ஆலயம் கட்டி 1770-இல் திறந்தார். இவ்வளவோடு கதையை நிறுத்தினால் மேற்கூறிய மேடைப் பிரசங்கிமாருக்கு மிகவும் உகந்ததாகும். கடலூரில் இழந்ததைக் கர்த்தர் கல்கத்தாவில் பன்மடங்காகத் திருப்பித் தந்தார் என்று சாட்சியாகச் சொல்லலாம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அவருக்குக் கண்பார்வை மங்கிற்று. கட்டட முயற்சிகளில் விளைந்த கடனால் எல்லாம் போயிற்று. 1787-இல் கடன்காரருக்காக ஆலயமே ஜப்தியாயிற்று. சார்லஸ் கிராண்ட் என்பவர் பதினாயிரம் ரூபாய் கொடுத்து அதனை மீட்டார். கிழவரான கியர்நாண்டர் டச்சுக்காரர் வசமிருந்த சின்சுராவுக்குச் சென்று அங்கே குருத்துவ ஊழியம் செய்தார், 1799-இல் இறந்தார். கடனில் அவர் தரப்பில் தவறே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. தேவன் அக்கடனுக்கு ஜாமீன் நிற்கவில்லை. அவருடைய செல்வத்தைக் காக்கவும் இல்லை. ஆயினும் எல்லாம் இழந்த அம்முதியவர் சின்சுராவில் மீண்டும் பிரசங்க பீடத்தில் ஏறினாரன்றோ? பேரம் பேசியவராயின், ஜப்தி நாளிலேயே கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். ஆலயம் இன்றும் கல்கத்தாவில் நிற்கின்றது.

கடலூர்க்காரருக்கு இக்கதை தெரியாமலிருப்பது வருந்தத்தக்கது. வென்ற தளகர்த்தரின் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் நெட்டுருச் செய்கின்றோம். கியர்நாண்டர் பெயரைக் கேட்டால் விழிக்கின்றோம்.

இனி, நோவாவோடு செய்யப்பட்ட உடன்படிக்கை விசுவாசிகளுக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகின்றோம். பூமியிலுள்ள சகல ஜீவன்களோடும் செய்யப்பட்டதென்று வேதம் கூறுகின்றது. விதைப்பும் அறுப்பும் ஒழியாது என்னும் வாக்கு, சிவன் கோயிலுக்குச் செல்லும் உழவனுக்கும் மசூதிக்குச் செல்லும் உழவனுக்கும் ஆலயத்துக்கு வரும் உழவனுக்கும் அவர்களுடைய எருதுகளுக்கும் ஒன்றே. கீரப்பாளையத்துப் பெரியவரின் சமயம் யாதென்று நாம் கேட்கவில்லை.

வாக்கைக் காக்கும் தேவனை நம்புகின்றோம் என்பவர், தாம் கொடுத்த வாக்கைக் காப்பவராயும் இருத்தல் வேண்டும். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கவேண்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் கூறுகின்றது. நம் சபைகளில் நிலமுடையோர் அறுப்புக்குப் பேசிய கூலியை, மகசூல் குறைந்தது என்னும் சாக்கில் குறைத்துக் கொடுப்பதை நாமே கண்டிருக்கின்றோம். ஞாயிறன்று அவர்களும் உடன்படிக்கைப் பாட்டைப் பாடுகின்றனர்.

எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில், தாம் காவலில் இருந்துகொண்டே, ஆனதோத் ஊரில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்குக் கிரயம் வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கிரயப் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்திலே வைக்கச் சொன்னார். நிலமோ அப்பொழுது பகைவர் வசம். அந்நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாக வேதத்தில் ஓரிடத்தும் இல்லை.

நாம் கீரப்பாளையத்தைக் கடந்து மாலையில் அதே சாலையிலே திரும்பி வந்தோம். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கவில்லை. பெரியவர் வரப்பில் அமர்ந்து, மறுநாளைக்கு வேண்டிய விதைநெல்லைச் சாக்கிலிருந்து கூடைக்கு அளந்துகொண்டிருந்தார்.