முதலில் வயரிங், அப்புறம்தான் குதிரைத்திறன்



போன எபிசோடில் என் பழைய ராணுவ டிரக்கைப் பற்றி ரெண்டு நிமிஷம் பேசினேன். அதற்கு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "டர்போ போட்டீங்களா? இன்ஜினை மாத்திட்டீங்களா?" இல்லை. மாத்தவும் மாட்டேன். ஏன் என்று சொல்ல பாட்காஸ்டில் நேரம் போதவில்லை, அதனால் இங்கே.

என்னிடம் இருப்பது எம்1008. 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்த செவர்லே பிக்கப். போர்க்களத்துக்கென்றே பிறந்த வண்டி இல்லை. ஷோரூமில் விற்ற டிரக்கையே எடுத்து ராணுவத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். 6.2 லிட்டர் வி8 டீசல், சுமார் 135 குதிரைத்திறன், மூன்றே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். அதற்கு ஒரு வயரில் கரன்ட் வந்தால் இன்ஜின் ஓடும், நின்றால் நிற்கும். சாஃப்ட்வேர் அப்டேட், சந்தா, டீலரின் பாஸ்வேர்ட் எதுவும் கிடையாது. இந்த நியூஸ்லெட்டர் படிக்கிறவங்களுக்கு அந்த சந்தோஷத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனா தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு வேகம் ரெண்டாம் பட்சம். மிச்சிகன் ஜனவரியில், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் ஆகணும். இந்த டிரக்கில் அதைக் கெடுப்பது இன்ஜின் இல்லை, கரன்ட்.

ராணுவத்துக்கு 24 வோல்ட் வேண்டியிருந்தது. அதனால் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தார்கள். ஸ்டார்ட்டருக்கு 24. விளக்கு, வைப்பர், ஹீட்டர் எல்லாம் சிவிலியன் வண்டியில் இருந்த அதே 12, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி ஆல்டர்னேட்டர். ஒன்று மண்டையைப் போட்டால் அதன் பேட்டரி சத்தமில்லாமல் வடியும், மறுநாள் காலை ஸ்டார்ட்டர் முனகும். கூத்து என்னன்னா, குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கும் 12 வோல்ட்தான். அதுக்கு 24-ஐ அனுப்பி, நடுவில் ரெசிஸ்டர் வைத்து பாதியை வெப்பமாக வீணடிக்கிறார்கள். ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றால் பிளக் வெந்து, முனை வீங்கி, கழற்றும்போது உள்ளேயே ஒடியும்.

நான் முழு வண்டியையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். பேட்டரிகள் பக்க இணைப்பில், இதே இன்ஜினின் சிவிலியன் மாடலுக்கு வந்த 12 வோல்ட் ஸ்டார்ட்டர், எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரே ஒரு ஆல்டர்னேட்டர், தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் 60ஜி க்ளோ பிளக். ரெசிஸ்டரைக் கழற்றி ஷெல்ஃபில் வைத்துவிட்டேன். சரித்திரத்தைக் கெடுத்துட்டேன்னு பழைய வண்டிப் பிரியர்கள் சொல்றாங்க. மற்ற ராணுவ வண்டிக்கு ஜம்ப் கொடுக்கும் 24 வோல்ட் சாக்கெட் இப்போ வெறும் அலங்காரம், உண்மைதான். எனக்கு ஆபீஸ் போகணும். பக்கத்தில் டாங்கி எதுவும் நிற்பதில்லை.

அடுத்தது கியர். ஆக்சில் விகிதம் 4.56. கனம் இழுக்க அருமை. ஆனால் மேலே ஓவர்டிரைவ் இல்லாததால் 55 மைல் வேகத்திலேயே இன்ஜின் சுமார் 2,650 சுற்று சுற்றும், 65-இல் 3,100-ஐத் தாண்டும். இந்த டிரக் பிறந்தபோது அமெரிக்கா முழுக்க வேக வரம்பு 55 மைல்தான் என்பதை மறக்க வேண்டாம். 3.73 போட்டால் 65-இல் 2,600-க்குக் கீழே வந்துவிடும். முன், பின் ரெண்டு ஆக்சிலையும் ஒரே விகிதத்துக்கு மாற்றணும்; இல்லேன்னா ஃபோர்-வீலில் போடும்போது ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். செலவு பிடிக்கும். ஆனால் டர்போவுக்கு வைத்திருக்கும் காசை இங்கே போடுங்கள். கிராங்க்‌ஷாஃப்ட்டைத் தாங்கும் இடத்தில் பிளாக் விரிசல் விடுவது 6.2-க்குத் தெரிந்த வியாதி. அதன் தலையில் இன்னும் அழுத்தம் ஏற்றுவானேன்?

பிரேக் ஹோஸ், சவுண்ட் மேட், நல்ல சீட் எல்லாம் செய்தேன். அதில் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஒன்று மட்டும்: டேஷ்போர்டில் பிளாக்கவுட் சுவிட்ச் இருக்கும், எதிரி கண்ணில் படாமல் ஓட்ட. அது தவறி அந்தப் பக்கம் போனால் வழக்கமான விளக்குகள் எரியாது. வண்டி வந்த அன்றே அதைச் செயலிழக்க வையுங்கள்.

மாற்ற முடியாதவையும் இருக்கின்றன. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. அதனால் குழந்தைகளை இதில் ஏற்றுவதில்லை. வீட்டில் அது பேச்சுவார்த்தைக்கே இடமில்லாத சட்டம். புகையை வடிகட்டவும் எதுவும் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. பள்ளிக்கூட வாசல் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிற உரிமை நமக்குக் கிடையாது. "பழசை ஓட்டுறதே சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று சிலர் சொல்லும்போது எனக்கு வாய் வராது. நான் ஓட்டுவது பிடிச்சிருக்கு என்பதால், நானே ரிப்பேர் செய்ய முடிகிறது என்பதால். அதுக்கு மேலே புண்ணியக் கணக்கு வேண்டாம்.

இன்னும் வாங்காதவங்க எம்1009-ஐப் பாருங்கள். அதே குடும்பம், பிளேசர் உடம்பு, ஆக்சில் 3.08. ஹைவேயில் 65 மைலில் 2,200 சுற்றுக்குப் பக்கத்தில் அமைதியாகப் போகும், கியர் செலவே இல்லை. சுமை ஏற்ற எம்1008 அளவுக்கு வராது. வயரிங் மட்டும் அதே 24 வோல்ட் தலைவலிதான், அதனால் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டே பார்க்கப் போங்கள்.