முத்திரையை வெட்டாதீர்கள்



நேபாளத்துப் பழைய ஆணை ஒன்றின் சிவப்பு முத்திரையை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டி, "எப்படி சார்?" என்று என் மாணவர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். தம்பி, இது சேகரிப்பு இல்லை, சேதாரம்.

நேபாளத்தில் தபால்தலை வந்ததே 1881-ல்தான். அதற்கு முந்தைய அரசுக் கடிதத்துக்கு முத்திரைதான் சாட்சி. ஷா மன்னர்களின் சிவப்பு முத்திரை விழுந்த ஆணைக்கு 'லால் மோகர்' என்று பெயர். மானியமும் பதவியும் அதில்தான் வழங்கினார்கள். லோக்தா செடியின் பட்டையில் செய்த தாள். பூச்சி எளிதில் அரிக்காது. பூச்சி விட்டுவைத்ததைக் கத்தரிக்கோல் தின்றுவிட்டது!

யாருக்குக் கொடுத்தார்கள்? எந்த ஊர் நிலம்? விக்ரம் சம்வத் எந்த வருடம்? எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது.

"காசு கொடுத்து வாங்கினேன், என் பொருள்" என்பீர்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் சார்பதிவாளர் முத்திரையை மட்டும் நறுக்கிக் கொடுத்தால் வங்கியில் கடன் தருவார்களா?

முத்திரைத் துண்டு விற்பவரிடம் வாங்காதீர்கள். நாம் வாங்குவதால்தான் அவர் வெட்டுகிறார். முழுத்தாள் கிடைத்தாலும், அதை அனுமதியின்றி நேபாளத்துக்கு வெளியே கொண்டுவரலாமா என்று கேளுங்கள். தொல்பொருளுக்கு அங்கே 1956-லிருந்தே சட்டம் இருக்கிறது. கையில் ஏற்கெனவே இருப்பதைப் படமெடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். வாத்தியார் புத்தி, போகவில்லை.