தொண்டை கரகரப்பா? நாட்களை எண்ணுங்கள்!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்பும் நேரம். ஜன்னல் ஜன்னலாக ஓடி வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரிக்காய் விற்பவர்களுக்குக் குரல்தான் மூலதனம். தொண்டை கட்டிவிட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். ஐந்து பீரியட் பாடம் நடத்தும் ஆசிரியர், நாள் முழுக்க ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கண்டக்டர் எல்லோருக்கும் இதே நிலைதான்.

அதனால், தொண்டை லேசாகக் கரகரத்ததுமே கால்கள் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகின்றன. 'ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க' என்று வாங்கிப் போடுவார்கள். மூன்றாம் நாள் சரியாகும். அடுத்த மாதம் மறுபடியும் கரகரப்பு, மறுபடியும் அதே மாத்திரை. இன்னொரு பக்கம், மாதக்கணக்கில் குரல் கம்மியே இருந்தாலும், 'சூட்டு உடம்பு, அதான்' என்று சமாளிப்பவர்களும் உண்டு.

முதலாமவர் அவசரப்படுகிறார், இரண்டாமவர் தாமதிக்கிறார். இரண்டு பேருக்கும் உதவக்கூடியது, வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி. தொண்டைத் தொல்லை தொடங்கிய தேதியைச் சுழித்து வைத்துவிட்டு, நாட்களை எண்ணத் தொடங்குங்கள்.

முதல் வாரம்: பொறுமை

தொண்டை வலிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். சளி, தும்மல், இருமல், மூக்கடைப்பு என்று கூட்டத்தோடு வந்தால் அது வைரஸாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வைரஸிடம் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே குணமாகிவிடும். அப்படியானால் மாத்திரை போட்டதும் சரியானதே? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மாத்திரை போடாவிட்டாலும் அது சரியாகியிருக்கும்.

மாத்திரை அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று அர்த்தம். தேவையில்லாமல், அதுவும் அரைகுறையாகப் போடும் ஆன்டிபயாடிக், கிருமிகளைப் பழக்கப்படுத்திவிடும். பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, தினமும் மூன்று, நான்கு முறை கொப்பளிக்கலாம். சுக்குக் காபி, மிளகு ரசம், மஞ்சள் பால் எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால், அவை நோயை விரட்டும் மருந்து அல்ல. தேன் கொடுக்கலாம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது. வலிக்கு, வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் முன் வைக்காதீர்கள். அது கவிழ்ந்தால், தொண்டை வலிக்குப் பதில் தீக்காயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளுக்கு மட்டும் வேறு கணக்கு

5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளின் தொண்டை வலியில் 100-க்கு 20 முதல் 30 வரை 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவால் வருபவை. பெரியவர்களிடம் இது 5 முதல் 15 தான். இருமலோ சளியோ இல்லாமல் திடீரெனக் காய்ச்சல், விழுங்கும்போது கடும் வலி, டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, இவை சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைக் கவனிக்காமல் விட்டால், தொண்டை வலி போன சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு 'ருமாட்டிக் காய்ச்சல்' வரலாம். மூட்டு வீக்கத்தோடு அது நிற்காது. இதய வால்வுகளையே பாதிக்கக்கூடியது. இங்கே ஆன்டிபயாடிக் அவசியம். வழக்கமாக 10 நாள் கோர்ஸ் எழுதிக் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே பிள்ளை விளையாட ஓடினாலும், மீதி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஒரு வாரத்துக்கு மேல்: காரணத்தைத் தேடுங்கள்

காய்ச்சல் இல்லை, ஆனால் கரகரப்பும் அரிப்பும் போகவில்லை. அப்படியென்றால் கிருமியை விட்டுவிட்டு, சுற்றுப்புறத்தையும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். வழியெல்லாம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் தூசு, விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசைகட்டும் வண்டிகளின் புகை, அறுவடைக் காலத்தில் நெல் தூசு, கடலை தூசு. இந்தச் சாலையில் தினமும் டூவீலரில் போய் வருபவரின் தொண்டை உறுத்துவதில் ஆச்சர்யமில்லை. தூசு அலர்ஜியால் மூக்கில் ஊறும் நீர் முன்பக்கமாக மட்டும் ஒழுகாது. பின்பக்கமாகத் தொண்டையிலும் இறங்கும். படுத்ததும் தொண்டை அரிப்பதற்கும், காலையில் காறிக்கொண்டே எழுவதற்கும் இது முக்கியமான காரணம். மாஸ்க்கும், வீடு திரும்பியதும் முகம் கழுவுவதும் நல்ல பலன் தரும்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படி நீரில் ஊறிய சுவர்களில் பூசணம் பூத்தால், அது மழை நின்ற பிறகும் அலர்ஜியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். பீரோவை நகர்த்தி, பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

அடுத்தது வயிறு. இரவு 10 மணிக்குப் புரோட்டா சால்னா சாப்பிட்டு, உடனே படுத்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறும். நெஞ்செரிச்சலே இல்லாமல், காலையில் குரல் கம்மலும் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வுமாகவும் இது வெளிப்படலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 2 முதல் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொரு காரணம், பிரஷர் மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலையும் தொண்டை அரிப்பையும் தரும். அட்டையில் பெயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குரலை நம்பிப் பிழைப்பவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு, அதுவும் சிரமம்தான். பேசாமல் இருப்பதே ஓய்வு.

மூன்று வாரம்: இதுதான் எல்லைக்கோடு

குரல் கம்மலோ, தொண்டை வலியோ, விழுங்குவதில் சிரமமோ மூன்று வாரத்தைத் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, காது–மூக்கு–தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கழுத்தில் கரையாத கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாயில் ஆறாத புண், இவை இருந்தால் இன்னும் சீக்கிரமாக. பீடி, சிகரெட், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனால், புற்றுநோயாக இருந்தால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான் உயிரைக் காக்கும்.

இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் திண்டிவனம் அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேற்கொண்டு பரிசோதனை தேவைப்பட்டால், முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

நாள் எண்ணவே கூடாத நேரமும் உண்டு. மூச்சுத்திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிவது, வாயைத் திறக்க முடியாத நிலை, மூச்சு இழுக்கும்போது சத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே 108.

வீட்டில் யாராவது 'ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு' என்று தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னால், 'எத்தனை நாளா?' என்று கேளுங்கள். பதில் மூன்று வாரத்தைத் தாண்டினால், மறுநாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.