பேட்டரியில் மட்டும் கரகரக்கும் மடிக்கணினி



களியக்காவிளையைத் தாண்டி வந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிழைக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மடிக்கணினி இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கியது, வெள்ளிக்கிழமை இரவில் வீட்டு ஜெபக்கூட்டத்தின் இசைப்பெட்டியாகவும் ஆகிவிடுகிறது. விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலம் வந்துவிட்டால் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்வதற்கில்லை. மின்சாரம் நிற்கிறது, மடிக்கணினி பேட்டரிக்கு மாறுகிறது, அதுவரை சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த பாடல், அடுப்பில் உப்பு வெடிப்பதுபோல் பட்பட்டென்று பொரியத் தொடங்குகிறது. சார்ஜரைச் செருகினால் குணமாகிவிடுகிறது. பிடுங்கினால் மறுபடியும் கரகரப்பு.

இது சிறிய காரியம் அன்று. வளைகுடாவில் வேலைபார்க்கும் மகன், விடுப்புக் கிடைக்காமல், தாயின் அடக்க ஆராதனையை இணையத்தின் வழியாகவே கேட்கிறான். அந்த ஒரு மணி நேரம் அவனுக்குத் திரும்பக் கிடைக்காது. படுக்கையில் இருக்கும் முதியோர் பலருக்கும் ஞாயிறு என்பது ஒரு ஒலிபெருக்கியின் குரல் மாத்திரமே. தெளிவற்ற எக்காள சத்தத்தால் பயன் என்ன என்ற கருத்தில் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதியதை (1 கொரி. 14) நாம் வேறு பொருளில் பிரசங்கிக்கிறோம், அதன் நேர்ப்பொருளும் கவனிக்கத்தக்கதே. இதனோடு பணச்செலவும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி அதை மாற்றுகிறவர்கள் உண்டு. இயந்திரத்தையே கழித்துவிட்டுப் புதியது வாங்குகிறவர்களும் உண்டு.

முதலாவது அறியவேண்டியது யாதெனில், சார்ஜரில் இருக்கும்போது ஒலி சுத்தமாக இருக்கிறது என்பதே ஒரு நல்ல சாட்சி. கிழிந்துபோன ஸ்பீக்கருக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறதா பேட்டரியிலிருந்து வருகிறதா என்பது தெரியாது. அது இரண்டிலும் ஒன்றுபோலவே கரகரக்கும். ஆகையால் பேட்டரியில் மட்டும் கரகரப்பு என்றால், பெரும்பாலும் பழுது ஸ்பீக்கரில் இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும்படி இயந்திரம் செய்துகொள்ளும் ஏற்பாடுகளிலேயே அது இருக்கிறது.

அது எப்படி என்பதை விளக்க விழிஞ்ஞத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இன்று இவ்வூரின் பெயரைச் சொன்னால் 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த பெரிய சரக்குப்பெட்டகத் துறைமுகமே அனைவருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதற்கு வெகுகாலத்திற்கு முன்பே, 1991-ல், மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யினர் இங்கே அமைத்தார்கள். அதன் திறன் 150 கிலோவாட். ஒரு பெரிய கான்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளப்படும். அலை இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் ஓடினாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் என்னும் சுழலி அதில் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுக்கு இருந்த பெருந்தொல்லை, கிடைக்கிற சக்தி ஒரே சீராக இராததுதான். அலை ஏறும்போது பெருகும். அடுத்த சில நொடிகளில் குறைந்துபோகும். இப்படி விட்டுவிட்டு வருவதைச் சீராகக் கொடுக்கவேண்டுமானால் நடுவில் ஒரு சேமிப்பு வேண்டும். பிற்காலத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்வுக்கும் அந்நிலையம் பயன்பட்டது. இப்பொழுது அது இயங்குவதில்லை.

மடிக்கணினியின் ஒலியும் இப்படிப்பட்ட ஒரு சேமிப்பை நம்பியே இருக்கிறது. பாடல் என்பது கணினிக்குள் எண்களின் வரிசை. பொதுவாக ஒரு நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். இவை ஒவ்வொன்றாக அனுப்பப்படுவதில்லை. பஃபர் என்னும் சிறு தொட்டியில் செயலி ஒரு கொத்தாக எண்களை ஊற்றுகிறது. ஒலிச் சில்லு அதிலிருந்து ஒரே சீராக எடுத்துக்கொண்டே போகிறது. தொட்டியில் 10 மில்லிநொடிக்கான கொள்ளளவு இருந்தால், 48,000 என்ற கணக்கில் அதில் 480 எண்கள் இருக்கும். அவை தீர்வதற்குள் செயலி திரும்பி வந்து மறுபடியும் நிரப்பியாகவேண்டும். ஒரு மில்லிநொடி தாமதித்தாலும் தொட்டி வற்றிவிடும். அங்கே ஒலியலை அறுந்துபோகும். அந்த அறுப்பே நம் காதில் 'பட்' என்று விழுகிறது. நொடிக்குப் பலமுறை அறுந்தால் கரகரப்பு.

சார்ஜரில் இருக்கும்போது செயலி விழித்த வேலைக்காரனைப்போல் நிற்கிறது. பேட்டரிக்கு மாறியதும் அதன் வேகம் குறைக்கப்படுகிறது. வேலையில்லாத இடைவெளிகளில் அது ஆழ்ந்த உறக்கத்திற்கே போகிறது. அதிலிருந்து எழும்பச் சிறிது நேரம் பிடிக்கும். வைஃபை, யு.எஸ்.பி. துளைகள் ஆகியவையும் இவ்வாறே உறங்கி எழுகின்றன. எழும்பும்போது அவற்றின் டிரைவர் மென்பொருள் செயலியைச் சற்று நேரம் பிடித்துவைத்துக்கொண்டால், தொட்டியை நிரப்புவதற்கு ஆள் இல்லை.

இப்போது பரிகாரத்திற்கு வருவோம். விண்டோஸ் கணினியில் முதலாவது செட்டிங்ஸ் பகுதியில் பவர் என்ற இடத்திற்குப் போய், பேட்டரியில் இயங்கும்போதும் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்ற நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி சேவர், அதாவது எனர்ஜி சேவர், தானாகவே இயங்கத் தொடங்கும் அளவு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-ல் அது வழக்கமாக 20 சதவீதம். பாடல் நடுவில் திடீரென்று கரகரப்புத் தொடங்கினால் பேட்டரியின் அளவைப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியக்கூடும். இதனால் தீராவிட்டால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். அங்கே செயலியின் குறைந்தபட்ச நிலை பேட்டரிக்கு 5 சதவீதம் என்று இருக்கக்கூடும்; கூட்ட நேரத்திற்கு அதை 100 ஆக உயர்த்துங்கள். வயர்லெஸ் அடாப்டர் என்பதை 'மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்றும், யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பென்ட் என்பதை 'டிசேபிள்டு' என்றும் மாற்றுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் இவ்வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் முதலில் சொன்ன பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் ஒன்றே வழி. பேட்டரி விரைவில் தீரும் என்பது உண்மையே. கூட்டம் முடிந்தபின் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

இவற்றையெல்லாம் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை உண்டு. பாடல் பேட்டரியில் கரகரத்துக்கொண்டிருக்கும்போதே ஏர்ப்ளேன் மோடை இயக்குங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் குற்றவாளி வைஃபையே. மின்தடையின்போது இது அதிகம் நேரிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: மின்சாரம் போனதும் வீட்டு ரவுட்டரும் அணைந்துபோகிறது, மடிக்கணினியோ காணாமற்போன வலையத்தை ஓயாமல் தேடிக்கொண்டிருக்கிறது. பாடல்கள் கணினியிலேயே சேமிக்கப்பட்டிருந்தால் கூட்டம் முடியும்வரை வைஃபையை அணைத்துவைப்பதே போதுமானது. இணையத்தில் ஒலிபரப்ப வேண்டியவர்கள் ரவுட்டருக்கென்று விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கிவைப்பது நலம். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவு.

வைஃபையை அணைத்தும் தீரவில்லையா? லேட்டன்ஸிமான் என்ற மென்பொருள், எந்த டிரைவர் செயலியைப் பிடித்துவைக்கிறது என்பதைப் பெயரோடு காட்டிக்கொடுக்கும். சில மடிக்கணினிகளில் பேட்டரியின் அளவை அடிக்கடி விசாரிக்கும் டிரைவரே இடறலாக இருக்கிறது! டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்ற தலைப்பின்கீழ் 'மைக்ரோசாஃப்ட் ஏ.சி.பி.ஐ. கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி' என்ற நீண்ட பெயரில் அது இருக்கும். சோதனைக்காக அதைச் சற்று நேரம் நிறுத்திப் பார்க்கலாம். ஒலி சுத்தமானால் காரணம் அகப்பட்டது. ஆயினும் அதை அப்படியே விட்டுவிடக்கூடாது. பேட்டரி எவ்வளவு மீதியிருக்கிறது என்பது தெரியாமல் செய்தியின் நடுவில் கணினி அணைந்துபோகும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரையும் பயாஸையும் புதுப்பித்துவிட்டு அதைத் திரும்ப இயக்கவேண்டும். பயாஸைப் புதுப்பிக்கும்போது சார்ஜர் அவசியம் செருகியிருக்கவேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் இயந்திரமே எழும்பாமற் போகலாம்.

பாடும்போதெல்லாம் சுத்தமாக இருந்து, ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் ஒரே ஒரு 'டப்' சத்தம் மட்டும் வருகிறதென்றால் அது வேறு. ஒலிச் சில்லு சும்மா இருக்கும்போது உறங்கிவிட்டு, எழும்பும்போது எழுப்பும் சத்தம் அது. லினக்ஸ் பயன்படுத்தும் வாலிபர்கள் ஒலி டிரைவரின் பவர்சேவ் மதிப்பை 0 ஆக்கினால் இது நின்றுவிடும்.

பழைய பேட்டரியும் கவனிக்கத்தக்கது. சக்தி குன்றிய பேட்டரி கேட்ட அளவு மின்சாரத்தைக் கொடுக்கமாட்டாது. அப்போது இயந்திரம் தன்னைத்தானே மிகவும் அடக்கிக்கொள்கிறது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அருகருகே இருக்கும். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் அமைப்புகளை மாற்றிப் பிரயாசப்படுவதில் பயனில்லை. பேட்டரி வீங்கியிருந்தாலோ, விசைப்பலகை மேடாகியிருந்தாலோ, அதை அன்றே நிறுத்திவிடுங்கள். அழுத்தவும் குத்தவும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உப்புக்காற்று ஹெட்போன் பின்னையும் அது செருகும் துளையையும் அரிக்கிறது. பின்னைத் திருகும்போது கரகரப்பு மாறினால், அது பேட்டரியின் குற்றமே அன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் பின்னைத் துடைத்து, இயந்திரத்தை அணைத்தபின் சிலமுறை செருகி எடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் கம்பியால் இணைத்துப் பாருங்கள். வைஃபையும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே தெருவில் நடக்கிறவை.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றும் நம் சபைகளில் உண்டு. பேட்டரியில் சுத்தமாக இருக்கும். சார்ஜரைச் செருகி மிக்ஸருடன் இணைத்ததும் 'உம்' என்ற இரைச்சல் எழும்பும். இது தொட்டி வற்றுவதால் வருவதன்று. மடிக்கணினியும் ஆம்பிளிஃபயரும் வெவ்வேறு பாதைகளில் எர்த் இணைப்பைப் பெறுவதால் உண்டாகும் வளையமே காரணம். இதற்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் பயங்கரமானது: மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடுகிறார்கள், அல்லது அந்தக் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும், நின்றது எதனால் என்று அவர்கள் யோசிப்பதில்லை. ஆம்பிளிஃபயருக்குள் ஒரு கம்பி கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரம் பூமிக்குள் போவதற்கிருந்த வழியையே அடைத்துவிட்டார்கள். பின்பு அது கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்துப் பாடும் வாலிபனின் வழியாகவே போகும். மழைக்காலத்தில், ஈரத்தரையில், வெறுங்காலோடு நிற்கிறவன் அவன். எந்தச் சபையிலாவது இப்படி வெட்டப்பட்ட பிளக் இருந்தால், அடுத்த ஆராதனைக்கு முன்பே மாற்றிவிடும்படி மிகவும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

சரியான வழி அதிகச் செலவில்லாதது. இரண்டு இயந்திரங்களையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். தீராவிட்டால் மடிக்கணினிக்கும் மிக்ஸருக்கும் நடுவே, ஒலிக்கம்பியில், ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டி.ஐ. பாக்ஸ் வையுங்கள். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மாத்திரம் ஆம்பிளிஃபயர் இரைந்தால், இன்வெர்ட்டரே காரணமாயிருக்கக்கூடும். அடுத்தமுறை மாற்றும்போது சைன் வேவ் என்று கேட்டு வாங்கவேண்டும்.

அடக்க ஆராதனை, திருமணம் முதலான திரும்ப வராத நேரங்களில் பதிவை மடிக்கணினியிடம் மாத்திரம் ஒப்புவிக்காதீர்கள். பதிவாகும்போது அறுந்துபோன ஒலியைப் பின்னால் முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஒன்றை ஏர்ப்ளேன் மோடில் பிரசங்க மேடையின்மேல் வைத்துத் தனியே பதிவுசெய்யுங்கள். ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் இறுதியிலும் அதற்குப் பின்னும் குமரி மாவட்டத்தில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை இக்கரையிலுள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகையால் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைச் சபையின் வாலிபர் ஒருவரிடம் கொடுங்கள். மாதத்திற்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஞாயிறன்று பயன்படுத்தும் அதே கம்பிகளோடு, பத்து நிமிடம் தொடர்ந்து பாடவிட்டுக் கேட்கவேண்டும். கடைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் 'சவுண்டு சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல், 'சார்ஜரில் சுத்தமாக இருக்கிறது, பேட்டரியில் மாத்திரம் கரகரக்கிறது, ஹெட்போனிலும் அப்படியே' என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரை மாற்றவேண்டும் என்று அதற்குப் பின்னும் ஒருவர் சொன்னால் வேறு கடைக்குப் போகலாம்.